நாய்க்குட்டி வரப்போகுதா? வாசலைத் திறக்கும் முன் இதெல்லாம் தெரியுமா?

வீட்டுக்கு நாய்க்குட்டி வருகிறது என்றதும் பிள்ளைகள் பெயர் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பாட்டி "வீடெல்லாம் முடி கொட்டுமே" என்பார். அப்பா "காலையில யார் வெளியே கூட்டிட்டுப் போறது?" என்பார். எல்லாம் சரிதான்! ஆனால் வரப்போகிற அந்தச் சின்ன உயிர் அதற்குள் எவ்வளவு கற்று முடித்திருக்கிறது, இன்னும் எவ்வளவு அவசரமாகக் கற்க வேண்டியிருக்கிறது தெரியுமா? அதற்கு ஒவ்வொரு வாரமும் ஒரு வயது மாதிரி! கேளுங்கள்!

நாய்க்குட்டி எந்த வயதில் ரொம்ப அழகு என்று யாராவது ஆராய்ந்து பார்த்திருப்பார்களா? பார்த்திருக்கிறார்கள்! அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் வின் என்பவரின் குழு, மூன்று இனக் குட்டிகளைப் பல வயதில் எடுத்த படங்களை 51 பேரிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னது. 2018-இல் முடிவு வந்தது. ஆறிலிருந்து எட்டு வாரம், அதுதான் உச்சம்! ஜாக் ரஸ்ஸல் டெரியர் குட்டிக்கு 7.7 வாரம்! இதில் மெய்சிலிர்க்கும் விஷயம் எது தெரியுமா? தாய் நாய் பால் மறக்கடித்துக் குட்டிகளை விலக்கத் தொடங்குவதும் கிட்டத்தட்ட அதே வயதில்தான்! அம்மா விலகும் நேரத்தில்தான் குட்டியின் முகம் மனிதர்களை அப்படி இழுக்கிறது!

அந்த எட்டு வாரக் கணக்கு நம் நாட்டுச் சட்டத்திலும் இருக்கிறது தெரியுமா? 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது! "முப்பது நாள் குட்டிங்க, இப்பவே எடுத்தாத்தான் ஒட்டிக்கும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். அந்த நாட்களில் தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் அது படிக்கிற பாடத்தை நம்மால் கற்றுத்தரவே முடியாது!

பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். காதும் கேட்காது தெரியுமா? பல் ஒன்றுகூட இருக்காது! குளிரில் நடுங்கக்கூட உடம்புக்குத் தெரியாது! ஏன், சிறுநீர் போவதற்கே அம்மா நக்கிவிட வேண்டும்! 10 முதல் 14 நாளில் கண் திறக்கும். அதற்குச் சில நாள் கழித்துக் காது திறக்கும். கறுப்புப் புள்ளிகளுக்குப் பெயர்போன டால்மேஷன் குட்டியின் உடம்பில் பிறக்கும்போது ஒரு புள்ளி கூட இருக்காது! வெள்ளை வெளேரென்று பிறந்து, இரண்டு வாரம் போல ஆனதும்தான் ஒவ்வொன்றாக எட்டிப்பார்க்கும்!

மூக்கு மட்டும் பிறக்கும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது! வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் டெபோரா வெல்ஸும் பீட்டர் ஹெப்பரும் என்ன செய்தார்கள் தெரியுமா? சினை நாய்களுக்குச் சோம்பு மணம் சேர்த்த தீனி கொடுத்தார்கள். குட்டிகள் பிறந்து 24 மணி நேரத்தில், கண்ணும் காதும் மூடியிருக்கும்போதே, சோம்பு வாசனைப் பக்கம் தலையைத் திருப்பின! வயிற்றுக்குள்ளேயே கற்ற பாடம்! 2006-இல் இதை வெளியிட்டார்கள்.

அதே ஹெப்பர் 1994-இல் வெளியிட்ட இன்னொன்று இதைவிட அசத்தல்! அம்மாவையும் குட்டியையும் பிரித்து இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு, வெறும் துணியில் ஒட்டியிருந்த வாசனையை வைத்தே பிள்ளை அம்மாவைக் கண்டுகொண்டது, அம்மா பிள்ளையைக் கண்டுகொண்டது! இரண்டு ஆண்டுகள்!

இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? முதல் ராத்திரிக்கு! குட்டி வாங்கப் போகும்போது ஒரு பழைய துண்டு எடுத்துக்கொண்டு போங்கள். தாய் படுத்திருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, அப்படியே சுருட்டிக் கொண்டுவந்து குட்டியின் படுக்கையில் விரித்துவிடுங்கள். அதுவரை ஒரு இரவுகூடத் தனியாகத் தூங்கியிராத உயிர் அது! நாலைந்து உடம்புகளின் சூட்டில் புதைந்தே தூங்கியது! தனியாகப் பூட்டிவைத்தால் கத்தாமல் என்ன செய்யும்? முதல் சில இரவுகள் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு அட்டைப்பெட்டியில் படுக்கவையுங்கள். கையை நீட்டினால் உங்கள் வாசனை அதற்குக் கிடைக்க வேண்டும். "கெட்டுப்போகும், பழக்கிவிடாதே" என்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள்! பயந்து அழுகிற குட்டியைச் சமாதானப்படுத்தினால் எந்தக் குட்டியும் கெட்டுப்போகாது.

ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தூங்கும் தெரியுமா? 18 முதல் 20 மணி நேரம்! விளையாடிக்கொண்டே இருக்கும், சட்டென்று நடு ஹாலில் விழுந்து உறங்கிவிடும். தூக்கத்தில் கால் உதறும், உதடு துடிக்கும், சின்னதாகக் குரைக்கக்கூடச் செய்யும்! பயம் வேண்டாம், எழுப்பவும் வேண்டாம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரே ஒரு சட்டம் போதும்: தூங்குகிற குட்டியைத் தொடக் கூடாது!

சாயங்காலமானால் திடீரென்று வாலைச் சுருட்டிக்கொண்டு சோபாவைச் சுற்றி ஐந்தாறு முறை வெறித்தனமாக ஓடுகிறதா? அதுவும் சாதாரணம்தான்! இரண்டு நிமிடத்தில் தானே அடங்கிவிடும்!

சரி, ஏழெட்டு வாரக் குட்டி மனிதக் கணக்கில் எத்தனை வயது? ஒன்றை ஏழால் பெருக்கும் பழைய கணக்கை மறந்துவிடுங்கள்! கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 104 லாப்ரடார் நாய்களின் மரபணுவில் வயது ஏற ஏறப் படியும் வேதிக்குறிகளை எண்ணிப் பார்த்தார்கள். 2020-இல் வந்த விடை: ஏழெட்டு வாரக் குட்டி, ஒன்பது மாதக் குழந்தைக்குச் சமம்! ஒரு வயது நாயோ, முப்பது வயது மனிதருக்குச் சமம்! ஒரே வருடத்தில் தவழும் குழந்தை முப்பதைத் தொட்டுவிடுகிறது!

ஒன்பது மாதக் குழந்தை என்ன செய்யும்? கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும்! குட்டியும் அதையேதான் செய்கிறது. நமக்குப் பால்பற்கள் 20. அதற்கு 28, அத்தனையும் ஊசி! நாலு மாதம் நெருங்கும்போது அவை விழ ஆரம்பிக்கும். பெரும்பாலும் குட்டி அவற்றை விழுங்கிவிடும், நம் கண்ணில் படுவதே அபூர்வம்! ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வரிசைகட்டி நிற்கும்! நமக்கு 32-தான்! இந்த மாதங்களில் ஈறு ஊறலெடுக்கும். செருப்பு, கால்மிதி, சார்ஜர் வயர், தாத்தாவின் வேட்டி நுனி, எதுவும் தப்பாது. ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்துப் பாருங்கள், என்ன சுகமாகக் கடிக்கிறது என்று! வயர்களை மட்டும் இன்றைக்கே மேலே ஏற்றிவிடுங்கள்.

இனி வருவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது! ஒரு நாயின் வாழ்நாள் குணத்தில் பெரும் பங்கைச் சில வாரங்கள் தீர்மானித்துவிடும் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் ஐந்து இனக் குட்டிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். 1965-இல் புத்தகமாகவே கொண்டுவந்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு ஜன்னல் திறக்கிறது. பன்னிரண்டு, பதினான்கு வாரத்தில் மூடத் தொடங்குகிறது! அந்த இடைவெளியில் பார்த்த முகம், கேட்ட சத்தம், மிதித்த தரை எல்லாம் "நம்முடையது". பார்க்காததெல்லாம் "ஆபத்து"! அதே ஆய்வகத்தில் சில குட்டிகள் உயர்ந்த வேலிக்குள் மனிதக் கை படாமல் 14 வாரம் வரை வளர்க்கப்பட்டன. பிறகு பார்த்தால், அவை கிட்டே போக முடியாத காட்டு விலங்குகள் மாதிரி நடந்துகொண்டன! தாய் தந்தை இரண்டும் வீட்டு நாய்கள்தான்! 1961-இல் இந்த முடிவு வெளிவந்தது.

கணக்குப் போடுங்கள்! எட்டாவது வாரத்தில் குட்டி வந்தால் உங்கள் கையில் இருப்பது நாலு முதல் ஆறு வாரம்தான்! குக்கர் விசில், மிக்ஸி, ஹெல்மெட் போட்ட மாமா, குடை பிடித்த பாட்டி, தாடிக்காரர், சிலிண்டர் உருட்டும் சத்தம், கோயில் மேளம், தவழும் குழந்தை, ஆட்டோ... எல்லாவற்றையும் தள்ளி நின்று, பயப்படாத தூரத்தில், ஒரு துண்டுத் தின்பண்டத்தோடு அறிமுகப்படுத்திவிடுங்கள்! தீபாவளி வெடிச் சத்தத்தையும் மறக்காதீர்கள். நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறோம், நாய்க்கு 45,000 வரை கேட்கும்! ஐப்பசி வரும் வரை காத்திராமல், போனில் வெடிச் சத்தத்தை மிக மெல்லியதாக வைத்துச் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டுங்கள். நாளுக்கு நாள் ஒரு புள்ளி கூட்டுங்கள்.

"தடுப்பூசி முடியும் வரை வெளியே விடாதே என்றார்களே?" நல்ல கேள்வி! பார்வோ வைரஸ் என்ற அரக்கன் 1978-க்கு முன் நாய்களிடம் இப்படியொரு நோயாக இருந்ததே இல்லை தெரியுமா? பூனை வைரஸ் ஒன்றின் நெருங்கிய சொந்தம் அது. இரண்டே ஆண்டில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது! மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும்! அதனால் தெருவில் இறக்கி விடாதீர்கள், தோளில் தூக்கிக்கொண்டு போங்கள்! கண்ணும் காதும் மூக்கும் ஊர் சுற்றும், கால் மட்டும் தரையில் படாது!

ஊசியை ஏன் ஒரே தடவையில் போட்டு முடிக்கக் கூடாது? இதற்குப் பின்னால் ஒரு விசித்திரம்! தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியைக் காக்கிறது. ஆனால் அதே சக்தி தடுப்பூசியையும் எதிரி என்று நினைத்து அடித்துவிடுகிறது! அது எந்த வாரத்தில் வடியும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறெட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் வரை திரும்பத் திரும்ப ஊசி! ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்!

புழு மருந்தும் அப்படித்தான். பிறக்கும்போதே குட்டிக்குள் உருண்டைப்புழு இருக்கலாம் தெரியுமா? தாயின் உடம்பில் ஒளிந்திருந்து, கருவிலேயே குட்டிக்குள் நுழைந்துவிடும்!

மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. இதில் விளையாட்டே கூடாது. நீலகிரியின் குன்னூரில் 1907-லேயே வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்று ஒரு பாஸ்டர் நிறுவனம் வந்தது, அவ்வளவு பெரிய பயமாக இருந்த நோய் அது! இன்றைக்கும் நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஊசி போடாத குட்டி விளையாட்டாகக் கீறினாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள், அப்படியே டாக்டரிடம் போங்கள்.

நோயுற்ற குட்டியை மனிதர் எத்தனை காலமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்? நூறு வருடம்? ஆயிரம்? 14,000 ஆண்டுகளுக்கும் மேலாக! ஜெர்மனியில் பான் நகருக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914-இல் கல் உடைத்தவர்கள் ஒரு கல்லறையைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி! நூறு வருடம் கழித்து அதன் பற்களை நுணுகிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: 19-ஆவது வாரம் போல அதற்கு டிஸ்டெம்பர் கண்டிருக்கிறது! கவனிப்பு இல்லாமல் பிழைத்திருக்கவே முடியாத நோய். ஆனாலும் அது ஏறக்குறைய 28 வாரம் வரை உயிரோடு இருந்திருக்கிறது! தண்ணீர் கொடுத்து, துடைத்து, சூடாக வைத்து யாரோ பார்த்திருக்கிறார்கள்! வேட்டைக்கு உதவாத, நிற்கக்கூட முடியாத குட்டியை! அப்போது விவசாயமே இல்லை!

இன்னொன்று! உங்கள் விரல் எதைக் காட்டுகிறது என்று குட்டிக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாருமே இல்லை! 2021-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் எமிலி பிரே குழு, எட்டு வாரமே ஆன 375 குட்டிகளைச் சோதித்தது. இரண்டு கிண்ணம், ஒன்றில் தீனி. ஆள் விரல் நீட்டிய கிண்ணத்துக்கே பெரும்பாலும் குட்டிகள் போயின! பயிற்சி ஏதும் இல்லாமல்! குட்டிக்குக் குட்டி இருந்த வித்தியாசத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் மரபணு வழியே வந்தது!

"என் செல்லக்குட்டி, வாடி தங்கம்" என்று குரலை உயர்த்திக் கொஞ்சுகிறீர்களா? வெட்கப்படவே வேண்டாம்! பிரான்ஸ் ஆய்வாளர்கள் ஸ்பீக்கரில் ஒலிபரப்பிச் சோதித்தார்கள். கொஞ்சல் குரல் கேட்டதும் குட்டிகள் ஸ்பீக்கரைத் தேடி ஓடின! வளர்ந்த நாய்கள் கண்டுகொள்ளவே இல்லை! 2017-இல் வந்த செய்தி. அப்படியென்றால் கொஞ்ச வேண்டிய வயது இதுதான்!

கண்ணோடு கண் பார்த்தால்? ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகம் 2015-இல் சொன்னது: நாயும் வளர்ப்பவரும் பார்த்துக்கொண்டால் இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ஏறுகிறது! தாய்க்கும் சேய்க்கும் இடையே சுரக்கும் அதே ஆக்ஸிடோசின்! புருவத்தை உள்பக்கம் தூக்கி அந்தப் பாவப்பட்ட முகத்தைக் காட்டுகிறதே, அதற்கென்றே நாய்களுக்குத் தனித் தசை இருக்கிறது. ஓநாய்களிடம் அது அநேகமாக இல்லை!

வால் கூடப் பேசும்! இத்தாலியின் பாரி நகரில் 30 நாய்களைக் கவனித்ததில், தன் எஜமானரைப் பார்த்தால் வால் வலப்பக்கம் அதிகம் ஆடியது! மிரட்டும் புது நாயைக் கண்டால் இடப்பக்கம்! 2007 முதல் உலகத்துக்கே தெரியும், நம் வீட்டில் யாரும் இன்னும் பார்க்கவில்லை!

இனி, எல்லா வீட்டிலும் பெரிய பிரச்சினை: எங்கே போவது? மூன்று வாரக் குட்டியே படுக்கையை விட்டுத் தள்ளிப்போய்த்தான் சிறுநீர் கழிக்கப் பார்க்கும், சுத்தம் அதற்குப் பிறவியிலேயே உண்டு! வயது மாதத்தோடு ஒன்று கூட்டுங்கள், அத்தனை மணி நேரம்தான் அதிகபட்சம் தாங்கும் என்பது வளர்ப்பவர்களின் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்! வெளியே போனதும் அங்கேயே ஒரு துண்டுத் தீனி. வீட்டுக்குள் போய்விட்டதா? திட்டாதீர்கள், மூக்கைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அதற்குப் புரிவது ஒன்றுதான்: இந்த ஆள் எதிரில் போகக் கூடாது! அடுத்த தடவை கட்டிலுக்கு அடியில் போகும்!

வெளியே போனால் ஏன் சுற்றிச் சுற்றி இடம் பார்க்கிறது தெரியுமா? செக் நாட்டு, ஜெர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்கள் மலம் கழித்ததை 1,893 முறை, சிறுநீர் கழித்ததை 5,582 முறை குறித்துவைத்தார்கள்! பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் வேளையில் நாய்கள் வடக்கு தெற்காக உடம்பைத் திருப்பியே மலம் கழித்தன! 2013-இல் வெளியான இந்த ஆய்வுக்கு அடுத்த ஆண்டே, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு!

சோறு போடலாமா? போடலாம்! ஓநாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் ஒரு மரபணுவின் பிரதி இரண்டே இரண்டு. நாய்க்கு 4 முதல் 30 வரை! மனிதர் வீட்டு மிச்சத்தைத் தின்று தின்று வந்த மாற்றம் என்று 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஆனால் வளரும் குட்டிக்கு வெறும் சோறு போதாது, முட்டையும் கறியும் வேண்டும். சின்ன வெங்காயம் மிதக்கும் சாம்பார் ஊற்றிப் பிசைந்து வைக்கிறீர்களா? நிறுத்துங்கள்! வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்! திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், உலர்ந்த திராட்சையும்தான், அதனால் பாயசம் வேண்டாம். சாக்லேட் கூடவே கூடாது. பாலும் பிஸ்கட்டும்? நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல இரண்டு மடங்கு! பசும்பாலில் லாக்டோஸ்தான் கூடுதல், வயிற்றுப்போக்குத்தான் மிஞ்சும்!

நம் ராஜபாளையம் குட்டி வாங்குகிறீர்களா? 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய நாய் இனங்களில் அதுவும் ஒன்று! வெள்ளை நாயாயிற்றே, ஒரு சோதனை செய்துவிடுங்கள்: குட்டி பார்க்காதபோது பின்னால் நின்று கைதட்டுங்கள். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் காதுக்குள்ளும் இருந்தால்தான் கேட்கும் தெரியுமா? அதனால் வெள்ளை நாய்கள் சில செவிடாகவே பிறக்கின்றன! கேட்காவிட்டால் ஒதுக்கிவிடாதீர்கள், கைச்சைகையிலேயே அது எல்லாம் கற்றுக்கொள்ளும்! இனம் எதுவும் வேண்டாம், தெருமுனையில் பிறந்த குட்டி போதும் என்றால் இன்னும் சந்தோஷம். நம் வெயிலுக்கும் மழைக்கும் அதைவிடப் பொருத்தமான நாய் ஏது!

விண்வெளிக்குப் போன அம்மாவின் குட்டி வெள்ளை மாளிகையில் வளர்ந்தது தெரியுமா? 1960 ஆகஸ்டில் பூமியைச் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பிய சோவியத் நாய் ஸ்ட்ரெல்காவின் மகள் புஷின்கா! 1961-இல் சோவியத் தலைவர் குருஷேவ் அதை அமெரிக்க அதிபர் கென்னடியின் குடும்பத்துக்கு அனுப்பினார். உடம்பில் ஒட்டுக்கேட்கும் கருவி ஏதும் இருக்குமோ என்று முதலில் மருத்துவமனையில் சோதித்தார்கள்! பிறகு? கென்னடி மகள் கரோலினின் சறுக்குமரத்தில் ஏறிச் சறுக்கக் கற்றுக்கொண்டது, ஒவ்வொரு படிக்கும் வேர்க்கடலை கொடுத்தார் நாய்களைப் பார்த்துக்கொண்டவர்! அங்கிருந்த சார்லி என்ற வெல்ஷ் டெரியரோடு சேர்ந்து நான்கு குட்டியும் போட்டது! பனிப்போர் உச்சத்தில்!

கடைசியாக ஒன்று, இதைக் கேட்டுவிட்டுப் பெயர் தேடுங்கள்! அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் வீட்டுக்கு 2004-இல் எட்டு வாரக் குட்டி ஒன்று வந்தது. பார்டர் காலி இனம், பெயர் சேஸர். பொம்மையைக் காட்டுவார், பெயரைச் சொல்வார், விளையாடுவார், அவ்வளவுதான்! தினமும் நாலைந்து மணி நேரம், மூன்று ஆண்டுகள்! எத்தனை பொம்மைகளின் பெயர் தெரிந்தது? 1,022! பேராசிரியருக்கே நினைவில் நிற்காமல் ஒவ்வொன்றின் மேலும் பெயரை மையால் எழுதிவைத்தார்! ஒருமுறை தொலைக்காட்சிக்காக வந்த விண்ணியலாளர் நீல் டிகிராஸ் டைசன், சேஸர் கண்டிராத டார்வின் பொம்மை ஒன்றைத் தெரிந்த பொம்மைகளுக்கு நடுவே ஒளித்துவைத்தார். "டார்வினை எடுத்து வா" என்றார்கள். அந்தப் பெயரை அது கேட்டதே இல்லை! போனது, பார்த்தது, யோசித்தது. தெரிந்த பொம்மைகளையெல்லாம் விட்டுவிட்டு டார்வினைக் கவ்விக்கொண்டு வந்தது!